பெட்டியில் வரும் ஒருநாள் குஞ்சு: ‘உயிரோடு வந்து சேரும்’ என்றால் என்ன அர்த்தம்?

2025 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்துத் தபால் விநியோக நிலையம் ஒன்றில், ஒரு லொறிக்குள் ஏறத்தாழ 12,000 குஞ்சுகள் மூன்று நாட்களாகத் தீனும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தன. கவனித்துக் கதவைத் திறந்தபோது 4,000க்கு மேல் செத்திருந்தன. இந்தச் செய்தியைப் படித்த நம்மவர் பலருக்கு முதலில் வந்த கேள்வி: கோழிக்குஞ்சைத் தபாலிலா அனுப்புகிறார்கள்?

ஆமாம். அங்கே 1918 முதல் தபாலில் குஞ்சு போகிறது. யாழ்ப்பாணத்தில் தபாற்காரர் குஞ்சுப் பெட்டியோடு படலையில் வந்து நிற்பதில்லைதான். ஆனால் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து, வட்ஸ்அப்பில் எண்ணிக்கை சொல்லி, வங்கியில் காசு போட்டு, விடியப்புறம் பஸ் நிலையத்தில் ஓட்டை போட்ட காட்போட் பெட்டியை வாங்கிக்கொண்டு வருவதும் அதே முறைதான். விற்பவரை வாங்குபவர் பார்த்ததில்லை, வாங்கும் கூட்டை விற்பவர் பார்த்ததில்லை, நடுவில் ஒரு இரவும் ஒரு பஸ்ஸும். இந்த முறை எங்கே பிழைக்கிறது என்று பார்க்க, முட்டைக்குள் இருந்தே தொடங்க வேண்டும்.

மூன்று நாள் தாங்கும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

கோழிமுட்டை பொரிக்க 21 நாள். கடைசி ஓரிரு நாளில், முட்டையில் மிஞ்சிய மஞ்சட்கருவை அதன் பையோடு சேர்த்துக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தொப்புள் மூடுகிறது. பிறகு ஓடு உடைகிறது. 40 கிராம் அளவு நிறையுள்ள குஞ்சின் வயிற்றில் சில கிராம் மஞ்சட்கரு, மூன்று நாள் வரை தாங்கும் கட்டுச்சோறு போல இருக்கும். அதில் கொழுப்பும் ஈரமும் மட்டுமல்ல, தாய்க்கோழி கொடுத்த நோயெதிர்ப்பும் இருக்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு? அடை வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், முதற் குஞ்சு பொரித்தவுடன் கோழி அடையை விட்டு இறங்காது. எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. பின்னால் வருபவற்றுக்காகத் தாய் ஒரு நாள், இரண்டு நாள் உட்கார்ந்தே இருக்கும். முன்னால் வந்தவை அதன் சிறகுக்குள் பசி தெரியாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்காக அமைந்த சேமிப்பைத்தான் குஞ்சு வியாபாரம் பயணத்துக்குப் பயன்படுத்துகிறது. தாயின் சிறகுக்குள் சூடு ஒரே அளவாக இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், ஆட்டம் இருக்காது. பஸ்ஸின் டிக்கியில் இவற்றில் ஒன்றும் இல்லை.

சட்டங்களும் இந்த மூன்று நாளை, அதாவது 72 மணித்தியாலத்தைத்தான் பிடித்திருக்கின்றன. அமெரிக்கத் தபால் விதிப்படி குஞ்சு 24 மணித்தியாலத்துக்கு மேற்படாத வயதில் தபாலில் சேர வேண்டும், பொரித்து 72 மணித்தியாலத்துக்குள் வாங்குபவரின் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கம்: பயணம் 24 மணித்தியாலத்துக்குள் முடிந்து, அதுவும் பொரித்த 72 மணித்தியாலத்துக்குள் முடிந்தால்தான் தீனும் தண்ணீரும் கொடுக்காமல் கொண்டு போகலாம். 72 என்பது கடைசி எல்லை. விற்பவர்கள் அதைச் சாதாரண பயண நேரம் போலச் சொல்லிவிடுகிறார்கள்.

மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்குகிறது

‘ஒருநாள் குஞ்சு’ என்பது வியாபாரப் பெயர், வயதுச் சான்றிதழ் அல்ல. பொரிக்கும் இயந்திரத்தில் முதற் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே 24 முதல் 36 மணித்தியாலம் வரை வித்தியாசம் இருக்கும். பெரும்பாலானவை பொரித்த பிறகுதான் கதவைத் திறந்து எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார்கள். இலங்கையில் பெரிய பொரிப்பகங்கள் குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கமே அதிகம். குருநாகலிலிருந்து யாழ்ப்பாணம் 300 கிலோமீட்டருக்குக் கிட்ட. முந்திப் பொரித்த ஒரு குஞ்சின் கணக்கை எடுத்துப் பார்ப்போம்:

1. காலை 6 மணிக்கு இயந்திரத்திலிருந்து எடுக்கும்போதே அதன் வயது 30 மணித்தியாலம்.
2. தரம் பிரித்து, ஊசி போட்டு, பெட்டியிலிட்டு, முகவர் கைக்குப் போய், இரவு 8 மணி பஸ்ஸில் ஏறும்போது 44.
3. பஸ் வவுனியா, கிளிநொச்சி தாண்டி விடியற்காலை 4 மணிக்கு யாழ்ப்பாணம் வரும்போது 52.
4. ஆள் போய் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் துளி தண்ணீர் வாய்க்குப் போகும்போது 55.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இவ்வளவு. பஸ் பழுதாகி நின்றால், அல்லது ‘இன்றைக்கு இடமில்லை, நாளைக்கு ஏற்றிவிடுகிறேன்’ என்று முகவர் ஒரு நாள் தன் கடையில் வைத்திருந்தால் 79. எல்லை தாண்டிவிட்டது. ஆனால் பெட்டிமேல் ஒட்டிய துண்டில் இன்னும் ‘ஒருநாள் குஞ்சு’ என்றுதான் இருக்கும். ஆகவே விற்பவரிடம் ‘எப்ப அனுப்புவீங்கள்?’ என்று கேட்பதைவிட ‘எப்ப இயந்திரத்தால எடுத்தது?’ என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. பதில் சொல்லத் தடுமாறுபவர் பொரிப்பகக்காரர் அல்ல, வாங்கி விற்பவர்.

பெட்டிக்குள் சூடு

முறையான குஞ்சுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நாலு அறை, அறைக்கு 25, மொத்தம் 100. நூறையும் ஒரே அறையில் விட்டால் ஆட்டத்தில் ஒரு மூலைக்குச் சரிந்து, கீழே உள்ளவை மூச்சுத் திணறிச் சாகும். அதற்காகத்தான் தடுப்பு. பக்கச் சுவரில் ஓட்டைகள். மூடியிலும் ஓரத்திலும் சிறு முட்டுகள் புடைத்து நிற்கும். பெட்டிகளை அடுக்கினாலும் இடையில் காற்றோட விரலளவு இடைவெளி இருக்கட்டும் என்பதற்காக. பழைய பிஸ்கட் பெட்டியில் கத்தியால் குத்திய நாலு ஓட்டை இதற்கு ஈடாகாது. அதன்மேல் யாரோ ஒரு அரிசிமூட்டையை வைத்தால் அந்த நாலு ஓட்டையும் போய்விடும்.

குஞ்சின் உடற்சூடு 40 பாகை செல்சியஸ் அளவு. அதைத் தானே சீராக வைத்திருக்கும் திறமை முதல் இரண்டு கிழமைக்கு அதற்கு இல்லை. ஆனால் நூறு குஞ்சு சேர்ந்தால் பெட்டியைச் சூடாக்கும் திறமை இருக்கிறது. குளிரூட்டிய லொறிக்குள் 24 பாகை வைத்திருந்தால்தான் பெட்டிக்குள் 32 அளவில் நிற்கும், குஞ்சுக்குத் தேவையானது அதுதான். வைகாசி, ஆனியில் டிக்கிக்குள் 32 பாகை இருந்தால் பெட்டிக்குள் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். சூடு ஏறினால் குஞ்சு வாயைத் திறந்து மூச்சிரைக்கும். மூச்சோடு நீர் போகும். வயிற்றில் மஞ்சட்கரு இருக்கிறது, உடம்பில் தண்ணீர் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடும்.

மார்கழி, தையில் நேர்மாறு. 25 குஞ்சை நூறுக்குரிய பெட்டியில் போட்டு, வாடைக்காற்று அடிக்கும் இரவில் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று சூடாக்க ஆளில்லை. அமெரிக்காவில் சிறிய ஓடருக்கு வேண்டாத சேவற்குஞ்சுகளைச் சூட்டுக்காகச் சேர்த்துப் போடும் பழக்கமே உண்டு. கேட்காத சேவல் ஏன் வந்தது என்று வாங்கியவர் முழிப்பார்.

வந்தபோது உயிரோடிருந்தது நாலாம் நாள் ஏன் சாகிறது

இந்த விஷயத்தில் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். பெட்டியைத் திறந்தவுடன் 50க்கு 49 உயிரோடு இருந்தால் ‘நல்ல சரக்கு’ என்று வாங்கியவர் செய்தி அனுப்பிவிடுவார், விற்பவரின் பொறுப்பு அத்தோடு முடியும். ஆனால் பயணத்தின் அடி இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தெரியும். மஞ்சட்கரு தீரும்வரை சாப்பிடாத குஞ்சும் நடமாடும். அது தீர்ந்தபிறகு விழும். நாலாம், ஐந்தாம் நாளில் சாவு கூடுவதற்கு இது முக்கிய காரணம். பலர் அன்றைக்குப் போட்ட தீனைக் குறை சொல்வார்கள். 48 மணித்தியாலம் பசியோடு கிடந்த குஞ்சுகள் தப்பினாலும், நிறை பல கிழமைக்குப் பின்தங்கியே இருக்கும்.

பெட்டியைத் திறந்தவுடன் ஐந்து குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

1. கால். முழங்காலுக்குக் கீழே தோல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்க வேண்டும். வற்றி, சுருங்கி, நரம்பு தெரிந்தால் நீர் இழந்திருக்கிறது.
2. தொப்புள். வயிற்றைப் புரட்டி விரலால் தடவுங்கள். மூடி வழவழப்பாக இருந்தால் நல்லது. கறுத்த பொருக்கோ ஈரமோ இருந்தால், வயிறு ஊதி ஒரு கெட்ட மணமும் வந்தால், மஞ்சட்கருப் பையில் கிருமி புகுந்துவிட்டது. இதற்கு மருந்து கொடுத்தும் பெரும்பாலும் தப்பாது. மற்றவற்றிலிருந்து பிரியுங்கள்.
3. மலவாய். பயண அலைச்சலில் எச்சம் காய்ந்து ஒட்டி, வழியை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தால் போதும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. அதற்குச் சற்று மேலே தொப்புளில் காய்ந்த நூல்போல ஒன்று தொங்கும். அதை அழுக்கென்று நினைத்து இழுத்துக் குடலுக்குக் காயம் பண்ணுபவர்களும் உண்டு.

முதலில் தண்ணீர், பிறகு தீன். தண்ணீர் குளிராக இருக்கக் கூடாது. சொண்டை ஒருமுறை தோய்த்துக் காட்டினால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். குளுக்கோஸ் கலப்பதானால் முதற் சில மணித்தியாலத்துக்கு மட்டும். பொழுதுபட கழுத்தடியில் உள்ள தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக, மாவுருண்டை போல நிறைந்திருக்க வேண்டும். வெறுமையாக இருப்பவைதான் நாலாம் நாள் பட்டியலில் வரப் போகின்றன.

கூட்டில் முதற் கிழமை 32 முதல் 35 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு போகலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி இரைத்தால் சூடு, எங்கும் பரவிப் படுத்தால் சரி.

பெட்டியோடு கூடவே வருபவை

நோய்களில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாயிலிருந்து முட்டைக்குள்ளேயே வருபவை ஒரு வகை. உங்கள் முற்றத்தில் முன்பே இருந்து, புதிதாக வந்த குஞ்சைப் பிடிப்பவை மற்றது.

1. புல்லோரம். ஒருவகை சல்மொனெல்லாக் கிருமி. நோய் தாங்கிய தாய்க்கோழி வெளியே நலமாகத் தெரியும், முட்டைவழியாகக் குஞ்சுக்குக் கடத்தும். பொரிப்பக இயந்திரத்துக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவும். வெள்ளையாகக் கழிந்து, கூனிக் குறுகி, இரண்டு மூன்று கிழமைக்குள் கொத்தாகச் சாகும். ராணிக்கெட் என்ற வைரஸ் நோயையும் சிலர் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பதால் இரண்டும் குழம்பும். ராணிக்கெட் தடுப்பு மருந்து புல்லோரத்துக்கு ஒன்றும் செய்யாது. தாய்க்கோழிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, தாங்கிகளை நீக்குவதே வழி. அதைப் பொரிப்பகம்தான் செய்யலாம், நீங்கள் செய்ய முடியாது. பதிவில்லாத இடத்தில் ‘மலிவு’ என்று வாங்குவதில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஆபத்து இது.

2. மைக்கோபிளாஸ்மா. இதுவும் முட்டைவழி. மூக்கொழுகல், கரகரத்த மூச்சு. உடனே கொல்லாது, மந்தையைவிட்டுப் போகவும் போகாது.

3. மாரெக்ஸ். 1907 இல் ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெப் மாரெக் விவரித்த நோய். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடக்கும், பல கிழமை வளர்த்த பிறகு. தடுப்பூசி பொரித்த அன்றே போட வேண்டும். வழக்கமான மருந்தைத் திரவ நைதரசனில் உறையவைத்து, உருகியவுடன் குறுகிய நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வீட்டில் ஒரு சிறிய இயந்திரம் வைத்து அலங்காரக் கோழி பொரித்து விற்பவர்களிடம் இதற்கு வசதி இருப்பது அரிது. இன்னொரு சிக்கல், ஊசி நோயைத் தடுக்குமே தவிர வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது. ஊசி போட்ட லேயர்களோடு (முட்டைக்கோழி இனங்களோடு) ஊசி போடாத ஊர்க்கோழிக் குஞ்சை ஒரே கூட்டில் விட்டால் அடி வாங்குவது ஊர்க்கோழிதான்.

4. ராணிக்கெட், கம்போரோ. இரண்டும் வைரஸ் நோய்கள், மேலே சொன்ன முற்றத்து வகை. முதல் ராணிக்கெட் சொட்டு வழக்கமாக முதற் கிழமையில் கண்ணில் விடுவது. பயணத்தில் வாடிய குஞ்சுக்கு அன்றைக்கே போடலாமா என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்குக் கணக்கானது, கலக்கினால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். 25 குஞ்சு வாங்கியவர் அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்தோடு நாள் பேசிக்கொள்வதுதான் நடைமுறை. கம்போரோ வைரஸ் ஒருமுறை வந்த கொட்டிலில் மாதக்கணக்கில் கிடக்கும். (கம்போரோ என்பது ஒரு ஊர். 1962 இல் நோய் அறிவிக்கப்பட்ட அந்த ஊர் இருப்பதும், குஞ்சு லொறி நின்ற அதே டெலவெயர் மாநிலத்தில்.)

டெலவெயரில் தப்பிய குஞ்சுகளைத் திருப்பி எடுக்க அனுப்பிய பொரிப்பகம் மறுத்துவிட்டது. மனமில்லாமல் என்று சிலர் திட்டினார்கள். காரணம் நோய்தான்: வெளியே போய்வந்த குஞ்சைத் தாய்க்கோழிகள் உள்ள வளவுக்குள் எந்தப் பொரிப்பகமும் சேர்க்காது. அதாவது குஞ்சு என்பது திருப்பி அனுப்ப முடியாத பொருள். ‘பிடிக்காவிட்டால் மாற்றித் தருவோம்’ என்று எழுதியிருந்தால், அப்படித் திரும்பிய குஞ்சு யாருக்கு விற்கப்படுகிறது என்றும் யோசிக்க வேண்டும்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

முட்டையிடும் இனத்துச் சேவற்குஞ்சுக்குப் பெரிய பொரிப்பகங்களில் மதிப்பில்லை. முட்டை இடாது, இறைச்சிக்கும் பிறொயிலர் போல் ஏறாது, தீனை மட்டும் தின்னும். அந்தக் குஞ்சுகள் மலிவாக வெளியே வந்து, சில கை மாறி, ‘முட்டைக்கோழிக் குஞ்சு’ அல்லது ‘ஊர்க்கோழிக் கலப்பு’ என்ற பெயரில் படத்தில் தோன்றுகின்றன. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் பொரித்த அன்றே நிறம் பிரிந்துவிடும்: பேடு செம்பழுப்பு, சேவல் வெளிர்மஞ்சள். ஆகவே பழுப்பு லேயர் பேட்டுக்குக் காசு கட்டி, பெட்டி நிறைய மஞ்சளாக வந்தால் வந்தவை சேவல்கள். வெள்ளை லேயரில் இந்த வித்தியாசம் இல்லை, இரண்டும் மஞ்சள், இறகைப் பார்த்தே பிரிக்க வேண்டும். கருங்கோழி, சில்க்கி போன்றவற்றில் ஒருநாள் வயதில் பிரிப்பது விற்பவருக்கே கஷ்டம். ‘சோடி’ என்று உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 50 குஞ்சு. வரும்போது 48. ஏழாம் நாள் 40. அதில் பாதி சேவல் என்றால் பேடு 20. கீரி, பருந்து, அம்மை எல்லாம் தாண்டி ஐந்து மாதத்தில் முட்டைக்கு நிற்பது 16 அல்லது 17. குஞ்சின் விலையை 50 ஆல் பிரித்துப் பார்த்து மலிவு என்று சொன்னோம். பிரிக்க வேண்டியது 16 ஆல், அதுவும் செத்தவையும் சேவலும் தின்ற தீனின் விலையைக் கூட்டிய பிறகு. 2022 நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டால் தீன் விலை ஏறியபோது குடாநாட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

பிள்ளைகளும் குஞ்சும்

சல்மொனெல்லாவின் வேறு வகைகள் குஞ்சை வாட்டாமலே அதன் எச்சத்தில் இருக்கும், மனிதரைப் பிடிக்கும். 2020 இல் அமெரிக்காவில் வீட்டுக் கோழிகளோடு தொடர்புபட்ட தொற்று 1,722 பேருக்கு உறுதியானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் குஞ்சைத் தூக்கக் கூடாது என்பது அங்குள்ள சுகாதார அறிவுரை. இங்கே பெட்டி வந்தவுடன் முதலில் ஓடிவருவதே அந்த வயதுதான், கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவதும். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குஞ்சுப் பெட்டியைக் குசினிக்குள் வைக்காதது, தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையல் தொட்டியில் கழுவாதது, இவ்வளவும் போதும்.

கடலுக்கு அப்பாலிருந்து வந்தால்

இந்தியாவிலிருந்து ‘நல்ல இனம்’ எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2006 முதல் பறவைக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கேரளத்தின் ஆலப்புழையில் 2014 க்குப் பிறகு பலமுறை வாத்துகளையும் கோழிகளையும் அழித்திருக்கிறார்கள். உயிர்ப் பறவை இறக்குமதிக்கு 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். படகில் வரும் பெட்டிக்கு அது இருக்காது. இதில் ஆபத்து வாங்கியவரின் 20 குஞ்சோடு நிற்காது.

வேறு வழி

கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் பதிவான பொரிப்பகத்தின் உள்ளூர் முகவரிடம், நேரில், எடுத்த திகதியும் ஊசி விபரமும் எழுதிய பற்றுச்சீட்டோடு வாங்கலாம். வீட்டுத் தேவைக்குப் பத்துப் பதினைந்து போதும் என்பவர்கள் ஊசி போட்டு முடித்த ஒரு மாதக் குஞ்சை வாங்கினால் விலை கூடத்தான், ஆனால் மேலே சொன்னவற்றில் பாதி ஆபத்து தீர்ந்துவிட்ட வயது அது.

அடைக்கோழி இருக்கும் வீட்டுக்கு மூன்றாவது வழியும் உண்டு: குஞ்சுக்குப் பதில் கரு முட்டை. முட்டை பயணத்தைக் குஞ்சைவிட நன்றாகத் தாங்கும், பசிக்காது, மூச்சிரைக்காது. ஒரு கிழமைக்கு உட்பட்டதாகப் பார்த்து வாங்கி, கூர்ப்பக்கம் கீழே இருக்க ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு இரவில் அடைக்கோழிக்குக் கீழே வைக்கலாம். ஆட்டத்தில் சில கெட்டுப் போகும். புல்லோரம் முட்டைவழியும் வரும் என்பதால், யாருடைய மந்தை என்று கேட்பது இங்கேயும் தேவை.

பெட்டியில்தான் வாங்குவதென்றால் பழைய கோழிகளிடமிருந்து விலக்கி, வேறு வளவு மூலையில், வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு மூன்று நாலு கிழமை வையுங்கள். தினமும் முதலில் பழையவற்றுக்குத் தீன் போட்டுவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். செத்த குஞ்சை வேலிக்கு அப்பால் எறியாமல், இரண்டை எடுத்துப் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ்கட்டி போட்ட வாளியில் வைத்து அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். உறையவிட்டால் உள்ளுறுப்பைப் பார்த்துச் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். பெட்டிமேல் ஒட்டிய துண்டையும் கிழித்து எறியாமல் கூடவே எடுத்துப் போங்கள், எந்தத் திகதியில் எந்தப் பொரிப்பகத்தில் எடுத்தது என்பதுதான் அங்கே கேட்கும் முதற் கேள்வி.